‘பண்படுத்துதலும்’ ‘காத்தலும்’: காலநிலை மாற்றம் குறித்த கிறித்தவச் சொல்லாடல் – கல்வராயன் மலையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காலநிலை மாற்றம் குறித்துக் கடந்த அரை நூற்றாண்டில் கிறித்தவத் திருச்சபைகள் வெளியிட்டுள்ள ஆவணங்களில் இரு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, தனிமனிதரின் வாழ்க்கைமுறையைத் திருத்தச் சொல்வது. மற்றொன்று, நிலம், உரிமை, அதிகாரம் ஆகியவற்றின் பங்கீட்டைக் கேள்விக்கு உட்படுத்துவது. தமிழ்ச் சூழலில் முதற்குரல் எளிதாகவும் இரண்டாம் குரல் அரிதாகவும் ஒலிக்கின்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு இவ்வாவணங்களை வாசிக்கும்போது, இரண்டாம் குரலைத் தவிர்த்த எந்த மறுமொழியும் அம்மலைக்குப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது.

திறவுச்சொற்கள்: காலநிலை மாற்றம், சூழலியல் இறையியல், கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர், விவிலிய மொழிபெயர்ப்பு, நில உரிமை, சாதி

முன்னுரை

2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் நீர்வளம் அதன் மேற்கெல்லையில் அமைந்த கல்வராயன் மலையைச் சார்ந்தது. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இம்மலையில் தோன்றிச் சமவெளியில் இறங்கி வெள்ளாற்று வடிநிலத்தோடு சேர்கின்றன. கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையின் கீழுள்ள நெல்லும் கரும்பும் மலையின் மழையை நம்பியவை. மலையில் வாழ்வோர் பெரும்பான்மையும் மலையாளி எனப் பட்டியலிடப்பட்ட பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுவோர். சாமை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களைப் பயிரிட்டு வந்தவர்கள்.

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இவ்வட்டாரத்தை உலுக்கியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. தென்பெண்ணையில் பெருவெள்ளம் ஓடியது. திருவண்ணாமலையில் மண்சரிவில் எழுவர் உயிரிழந்தனர். ஒரு தனிப் புயலைக் காலநிலை மாற்றத்தின் நேர்விளைவு என்று கூறிவிட இயலாது. எனினும், வெப்பமடையும் வளிமண்டலம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதும், அதனால் குறுகிய காலத்தில் கொட்டும் பெருமழை மிகும் என்பதும் அறிவியலாளர் உடன்படும் கருத்துகள். 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தைவிட 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்ததாகக் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு தன் ஆறாம் மதிப்பீட்டில் குறிப்பிடுகின்றது.

இச்சூழலில் திருச்சபைகள் என்ன செய்ய இயலும் என்ற வினா எழுகின்றது. இவ்வினாவுக்குப் பொதுவாகத் தரப்படும் விடை மரம் நடுதல், நெகிழி தவிர்த்தல், மின்சாரம் சேமித்தல் என்பதாக அமைகின்றது. இவ்விடை தவறானதன்று, ஆனால் போதாதது. ஏன் போதாதது என்பதைத் திருச்சபைகளின் சொந்த ஆவணங்களைக் கொண்டே காட்டலாம்.

குற்றச்சாட்டும் மறுமொழியும்

கிறித்தவச் சூழலியல் சிந்தனை ஒரு குற்றச்சாட்டுக்கு மறுமொழியாக வலுப்பெற்றது. 1967இல் வரலாற்றறிஞர் லின் ஒயிட், ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், இயற்கையை மனிதரின் பயன்பாட்டிற்கென மட்டும் கருதும் மனப்பாங்குக்கு மேலைக் கிறித்தவம் பெரும்பொறுப்பேற்க வேண்டும் என வாதிட்டார். அதே கட்டுரையின் இறுதியில் அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அவர் முன்மொழிந்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பிரான்சிசை அவ்வாறே அறிவித்தார். குற்றஞ்சாட்டியவரின் முன்மொழிவே குற்றஞ்சாட்டப்பட்டவரின் விடையானது.

1983இல் வான்கூவரில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவை நீதி, அமைதி, படைப்பின் ஒருமை ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் இணைத்தது. 1989இல் கான்சுடாண்டிநோபிள் முதுபெரும் தந்தை முதலாம் திமித்ரியோசு செப்டம்பர் 1ஆம் நாளைப் படைப்புக்கான இறைவேண்டல் நாளாக அறிவித்தார். 2015 மே 24 நாளிட்டு, தமிழில் ‘இறைவா உமக்கே புகழ்’ என வழங்கும் திருமடல் வெளிவந்தது. 2017இல் விண்டோக்கில் கூடிய லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் பேரவை, படைப்பு விற்பனைக்கு உரியதன்று என்பதைத் தன் மையப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது. 2023 அக்டோபர் 4 அன்று துபாய்க் காலநிலை மாநாட்டை முன்னிட்டுத் திருத்தந்தை பிரான்சிசு மீண்டும் ஓர் அறிவுரை மடலை வெளியிட்டார்.

இவ்வாவணங்கள் கள்ளக்குறிச்சிக்குத் தொலைவில் எழுதப்பட்டவை. ஆயினும் அயலானவை அல்ல. இம்மாவட்டத்தின் கத்தோலிக்கப் பங்குகள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் வேரூன்றிய டேனிசு மறைப்பணியின் வழிவந்த ஆற்காடு லூத்தரன் திருச்சபை, லூத்தரன் உலகக் கூட்டமைப்பின் உறுப்புத் திருச்சபை. ஆகவே, உரோமையிலும் விண்டோக்கிலும் சொல்லப்பட்டவை இவ்வட்டாரத்துச் சபைகளைக் கட்டுப்படுத்தும் சொற்களே.

தொடக்கநூலின் இரு வினைகளும் தமிழ் மொழிபெயர்ப்பும்

லின் ஒயிட்டின் குற்றச்சாட்டு தொடக்கநூல் முதல் அதிகாரத்தின் 28ஆம் வசனத்தை மையமிட்டது. எபிரேயத்தில் அங்கு வரும் வினைகள் கடுமையானவை. அடக்குதல், ஆளுதல் என்னும் பொருளுடையவை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘கீழ்ப்படுத்தி’, ‘ஆண்டுகொள்ளுங்கள்’ எனும் சொற்களால் அக்கடுமையை மறைக்காமல் தந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, மனிதரின் ஆற்றலுக்கு உட்படுத்துதல் என்று அதனை மென்மையாக்கியது. மென்மையாக்கல் ஒரு விளக்கமே, சிக்கலின் தீர்வன்று.

2015ஆம் ஆண்டுத் திருமடல் தன் 67ஆம் பத்தியில், இவ்வசனத்தை இரண்டாம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கச் சொல்கின்றது. அங்கு மனிதர் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ வைக்கப்படுகின்றனர். பண்படுத்தல் உழைப்பையும் காத்தல் பேணுதலையும் குறிக்கும் என்பது திருமடலின் விளக்கம்.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் கூடுதலாக ஒன்று புலப்படும். ‘பண்படுத்து’ என்று பெயர்க்கப்பட்ட எபிரேய வினைக்கு ஊழியம் செய்தல், சேவித்தல் என்பதும் பொருள். யோசுவா நூலின் இறுதி அதிகாரத்தில் எந்தக் கடவுளைச் சேவிப்பது என்று மக்கள் முன் வைக்கப்படும் வினாவில் இதே வினை வருகின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்குச் ‘சேவி’ என்றே பெயர்க்கின்றது. கடவுளுக்கானால் சேவித்தல், மண்ணுக்கானால் பண்படுத்தல். ஒரே வினையைப் பொருளிடம் நோக்கி இவ்வாறு பிரிப்பது மொழிபெயர்ப்பு மரபில் இயல்பானது. ஆனால் இப்பிரிப்பில் மண்ணுக்குச் செய்யும் ஊழியம் என்ற கருத்து தமிழ்க் கிறித்தவ மனத்திலிருந்து நழுவிவிட்டது. ‘ஊழியம்’ என்பது தமிழ்க் கிறித்தவத்தின் மிக நெருக்கமான சொற்களுள் ஒன்று. அச்சொல் மண்ணை நோக்கித் திரும்பாமற் போனது சிறிய இழப்பன்று.

‘பண்படுத்து’ என்னும் சொல்லுக்கு வேறொரு நிழலும் உண்டு. பண்பாடு, பண்பட்டவர், பண்படாதவர் என விரியும் சொற்குடும்பம் அது. உழுத நிலம் பண்பட்டது. கொத்தி விதைத்துச் சில ஆண்டுகள் தரிசு விட்டு மீண்டும் திரும்பும் மலைநிலம் பண்படாதது என்னும் சமவெளிப் பார்வை அச்சொல்லினுள் எளிதில் குடிபுகுகின்றது. குடியேற்ற ஆட்சியின் வனச்சட்டங்கள் மலைவேளாண்மையைக் காட்டழிப்பாகக் கண்டதும் இப்பார்வையின் தொடர்ச்சியே. ஆகவே கல்வராயன் மலையில் நின்று இவ்வசனத்தை வாசிப்போர், பண்படுத்துபவர் யார், பண்படுத்தப்படுவது எது என்று கேட்டே ஆகவேண்டும்.

மலையின் நில வரலாறும் நிலத்தின் ஓய்வும்

கல்வராயன் மலை நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் எனும் பெயர்களால் அறியப்பட்ட மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் ஜாகிர்தார் முறை தொடர்ந்து, 1976இல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. சமவெளியில் ஜமீன் ஒழிப்பு நடந்து ஒரு தலைமுறை கடந்த பின்னரே மலைக்கு அது கிட்டியது. ஜாகிர் நீங்கினும், உழுத நிலத்துக்குப் பட்டா பெறுவது மலைமக்களுக்கு எளிதாகிவிடவில்லை. வனத்துறை நிலம் எது, குடிகளின் நிலம் எது என்ற வழக்கு நீடித்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு விடை தர வந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் 2008 முதல் நீதிமன்ற இடைக்கால ஆணையால் உரிமை ஆவணம் வழங்குதல் தடைப்பட்டிருந்து, 2016இல் உச்சநீதிமன்றத்தில் அத்தடை நீங்கிய பின்னரே பணி நகர்ந்தது.

நிலவுரிமை உறுதியற்ற இடத்தில் காலநிலை மாற்றம் இருமடங்கு தாக்குகின்றது. மழை தவறினால் விளைச்சல் போகின்றது. பட்டா இல்லையெனில் வங்கிக் கடனும் பயிர்க்காப்பீடும் இழப்பீடும் கைக்கு எட்டுவதில்லை. உணவுத் தானியம் விளைந்த நிலங்களில் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி இடம்பிடித்திருப்பதால் விலைச்சரிவும் வறட்சியோடு சேர்ந்து வருகின்றது. வேலை தேடி இடம்பெயர்தலும், செம்மரம் வெட்டும் ஆபத்தான கூலிப்பணிக்கு இளைஞர்கள் அழைத்துச் செல்லப்படுதலும் இவ்வறுமையின் கிளைகள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தொடர்ந்து, சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாராயத்தின் பெயரால் மட்டுமே செய்தியில் இடம்பெற்ற மலை, அப்போதுதான் சாலையும் மருத்துவமும் பள்ளியும் இல்லாத மலையாகப் பொதுவெளியில் பேசப்பட்டது.

இவ்வரலாற்றின் முன் வைத்து வாசிக்கத்தக்க விவிலியப் பகுதி லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு, ஐம்பதாம் ஆண்டு இழந்த நிலம் உரியவரிடம் திரும்புதல், நிலம் இறைவனுடையதாதலின் அறுதியாக விற்கப்படலாகாது என்னும் மூன்று விதிகள் அங்குள்ளன. 2015ஆம் ஆண்டுத் திருமடலும் தன் 71ஆம் பத்தியில் இவ்விதிகளை நினைவூட்டுகின்றது. நிலத்துக்கு ஓய்வளிக்கும் முதல்விதி, மலையின் தரிசுச்சுழற்சியில் மறைநூல் அறிமுகமின்றியே வழக்கில் இருந்த ஒன்று. இரண்டாம், மூன்றாம் விதிகளோ மலைமக்களுக்கு மறுக்கப்பட்டவை. சூழலியலை ஓய்வு என்ற அளவில் மட்டும் பேசி, திரும்ப அளித்தலை விட்டுவிடும் வாசிப்பு அந்த அதிகாரத்தைப் பாதியில் மூடிவிடுகின்றது.

மரம் நடும் இறையியலின் எல்லை

தமிழகத்துப் பங்குகளிலும் சபைகளிலும் சூழலியல் ஞாயிறு, படைப்பின் காலம் போன்ற நிகழ்வுகள் இன்று அறிமுகமானவை. மரக்கன்று வழங்குதல் அவற்றின் அடையாளச் சடங்காகிவிட்டது. திருமடலின் 211ஆம் பத்தி இத்தகைய அன்றாடச் செயல்களைப் பாராட்டுகின்றது. ஆனால் அதே திருமடலின் 219ஆம் பத்தி, சமூகச் சிக்கல்களுக்குத் தனிமனித நற்செயல்களின் கூட்டல் விடையாகாது, சமூக அளவிலான கூட்டுச்செயல் வேண்டும் என்கின்றது. முதற்பத்தி சுவரொட்டியில் ஏறுவது எளிது. இரண்டாம் பத்தி ஏறுவது அரிது.

மலையில் மரம் நடுதல்கூடத் தீங்கற்ற செயலாக எப்போதும் அமையாது. யாருடைய நிலத்தில், எந்த மரம், எவருடைய ஒப்புதலோடு என்ற வினாக்கள் அங்கு உயிர்நாடியானவை. சாமை விளையும் சரிவில் விரைந்து வளரும் அயல்மரங்களை நட்டால், அது கரிமக் கணக்கில் வரவாகவும் உணவுக் கணக்கில் செலவாகவும் முடியும். திருமடலின் 146ஆம் பத்தி, பழங்குடிச் சமூகங்கள் மற்றவற்றோடு ஒன்றாக எண்ணப்படும் சிறுபான்மையர் அல்லர், அவர்கள் நிலத்தைத் தொடும் திட்டங்களில் முதன்மை உரையாடலாளர்கள் எனக் கூறுகின்றது. இக்கூற்றை ஏற்கும் திருச்சபை, கன்றைக் கொண்டு மலையேறுவதற்கு முன் கிராமசபையின் சொல்லைக் கேட்டாக வேண்டும்.

இங்குத் தமிழாய்வுலகின் ஒரு பழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். மலை என்றதும் குறிஞ்சித்திணையை அழைத்து, இயற்கையோடு இயைந்த வாழ்வென முடித்துவிடுதல் சூழலியல் திறனாய்வில் மிகுந்துள்ளது. தொல்காப்பியம் கருப்பொருளுள் தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் ஒரே வரிசையில் வைத்தது ஆழ்ந்த சூழலறிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வரிசையில் பட்டாவும் வனக்காவலரும் தரகரும் இல்லை. இன்றைய கல்வராயன் மலையில் அவர்கள் இருக்கின்றனர். திணைக்கோட்பாட்டைக் கிறித்தவ இறையியலோடு இணைக்க விழைவோர் இந்த இடைவெளியைக் கடந்தே ஆகவேண்டும்.

எறையூரின் வினா

திருமடல் மண்ணின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் ஒன்றாகக் கேட்கச் சொல்கின்றது. ஆனால் அது ‘ஏழைகள்’ என்று பொதுமையில் பேசுகின்றது. சாதி என்னும் சொல் அதில் இடம்பெறவில்லை. தென்னாசியத் திருச்சபைகள் அதை வாசிக்கும்போது நிரப்பவேண்டிய இடம் இது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கு உட்பட்ட எறையூர் பழமையான கத்தோலிக்க ஊர். 2008 மார்ச்சில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டியதை ஒட்டி அங்கு எழுந்த மோதலில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இந்நிகழ்வு காலநிலையோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளம் வரும்போது தாழ்ந்த நிலத்தில் இருக்கும் தெரு எது, வறட்சியில் கிணறு யாருடையது, நிவாரணப் பட்டியலில் விடுபடுவோர் யார் என்னும் வினாக்களுக்குச் சாதியே பெரும்பாலும் விடை தருகின்றது. ஒரே பலிபீடத்தைப் பகிர்வதில் இடறிய சமூகம், ஒரே நீர்நிலையைப் பகிர்வதில் இடறாதென நம்புவதற்குச் சான்று வேண்டும். சென்னை குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் வளர்த்த தலித் இறையியலும், வடகிழக்கு இந்தியாவின் வாட்டி லாங்சார் போன்றோர் நிலத்தை மையமாக வைத்து வளர்த்த பழங்குடி இறையியலும் இவ்விடத்தில்தான் உலக ஆவணங்களுக்கு இல்லாத கூர்மையைத் தருகின்றன.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு முன்வைத்த ஓருலைக் கருத்தும் நினைக்கத்தக்கது. தனித்தனி அடுப்பை விட்டு ஒரே உலையில் சமைத்து உண்ணுதலை நற்கருணையின் பொருளாக அவர் கண்டார். காலநிலை நோக்கில் இதனை விரித்தால், உலையில் இடும் அரிசி எங்கு விளைந்தது, எரியும் விறகு எவருடைய காட்டிலிருந்து வந்தது, உண்ண வராதவர் யார் என்பனவும் நற்கருணையின் வினாக்களாகும்.

மறுமொழி எங்கிருந்து தொடங்கும்

இவ்வாதத்திற்கு இரு எதிர்ப்புகள் எழக்கூடும். ஒன்று, தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6 விழுக்காட்டினரான கிறித்தவர்களால் காலநிலைக் கொள்கையை மாற்ற இயலுமா என்பது. எண்ணிக்கையளவில் இது சரியே. ஆனால் திருச்சபைகளின் ஆற்றல் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. பள்ளி, விடுதி, மருத்துவமனை, நிலம் என நிறுவனங்களாக அவை பரவியுள்ளன. விடுதிகளின் உணவில் சாமையும் கேழ்வரகும் வாரத்தில் சில நாள் இடம்பெற்று, அவை மலை உழவரிடம் நியாயவிலைக்கு நேரடியாக வாங்கப்பட்டால், மரவள்ளியை மட்டுமே நம்பும் நிலை சிறிதளவேனும் தளரும். திருச்சபை நிலங்களில் ஏரி, குளம், வரத்துவாய்க்கால் ஆகியவற்றின்மேல் எழுந்த கட்டடம் உண்டா என்று தானே அளந்து பார்ப்பது, பிறரை நோக்கிப் பேசும் தகுதியைத் தரும்.

மற்றோர் எதிர்ப்பு இன்னும் கூரியது. மலையாளிப் பழங்குடியினர் தமக்கென வழிபாடும் ஊர்முறையும் உடையவர்கள். திருச்சபை மலையில் எடுக்கும் எந்த முயற்சியும் மதமாற்ற ஐயத்தை எழுப்பும் என்பது அது. இவ்வையத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயின் அதற்குரிய விடையும் ஆவணங்களிலேயே உள்ளது. திருமடல் அழைக்கும் ‘சூழலியல் மனமாற்றம்’ கிறித்தவர்களை நோக்கியது. மறைப்பணி வரலாற்றில் மனந்திரும்பக் கோரப்பட்டவர்கள் மலையின் மக்கள். இவ்வழைப்பில் மனந்திரும்ப வேண்டியவர்கள் சமவெளியின் சபையார். இத்திசைமாற்றத்தை உணர்ந்த திருச்சபை மலைக்குக் கற்பிக்கச் செல்லாது. வன உரிமை மனு எழுதவும், கிராமசபைத் தீர்மானத்தை அலுவலகத்தில் பதிவு செய்யவும், வழக்குக்கு வேண்டிய சட்டவுதவி பெறவும் கேட்கப்பட்டால் துணைநிற்கும். கேட்கப்படாத இடத்தில் தன் விடுதிச் சமையலறையிலும் தன் நிலத்திலும் தன் கல்லறைச் சுவரிலும் வேலையைத் தொடங்கும்.

முடிவுரை

கிறித்தவத் திருச்சபைகளின் காலநிலை ஆவணங்கள் வெறும் அறிவுரைத் தொகுப்புகள் அல்ல. அவற்றுள் நிலப்பங்கீடும் பழங்குடியினர் உரிமையும் கூட்டுச்செயலும் தெளிவாகப் பேசப்பட்டுள்ளன. அவை தமிழ்ச்சூழலுக்கு வரும்போது அன்றாட நற்பழக்கங்களாகச் சுருங்குவது ஆவணங்களின் குறையன்று, வாசிப்பின் குறை. அதேவேளை, சாதியைப் பெயர்சொல்லாமை ஆவணங்களின் குறையே; அதனைத் தலித், பழங்குடி இறையியல்களே நிரப்ப இயலும்.

‘பண்படுத்து’ என்ற சொல்லின் அடியில் ‘சேவி’ என்ற பொருள் உறங்குவதைக் கண்டோம். அதனை எழுப்புவது மொழிபெயர்ப்பாளரின் பணி மட்டுமன்று. கோமுகியின் நீரைப் பருகும் சமவெளிச் சபையார், அந்நீர் தோன்றும் மலையில் வாழ்வோரின் நிலத்துக்கு உரிமையாவணம் கிடைத்ததா என்று கேட்கும் நாளில், அச்சொல் தன் முழுப்பொருளைப் பெறும். காலநிலை மாற்றத்துக்கான கிறித்தவ மறுமொழி அக்கேள்வியிலிருந்தே தொடங்கத்தக்கது.